மஞ்சள் பூத்த சுவர்

பூங்குழலிக்கு வீடு தராததற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் சைவம் மட்டும்தான் என்றார். ஒரு அம்மாள், கைக்குழந்தை இருந்தால் சுவரெல்லாம் கிறுக்கிவிடும் என்றாள். சொந்த ஊர் கலவை என்று கேள்விப்பட்ட இன்னொருவர் எதையும் நேராகக் கேட்காமல், "கலவையில உங்களுக்கு எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?" என்று விசாரித்தார். மறுநாள் போனை எடுக்கவே இல்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். விடுதியில் கல்யாணமானவர்களுக்கு இடம் கிடையாது. கணவன் ஜெயசீலன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். மாடியில் தகர ஷீட் போட்ட ஒற்றை அறையில் ஒரு கோடையைக் கழித்தார்கள். வேலூர் வெயிலில் அந்த ஷீட் மத்தியானம் படபடவென்று வெடிக்கிற மாதிரி சத்தம் போடும். பாப்பா உடம்பெல்லாம் வேர்க்குரு. ஈரத்துணியைப் போர்த்திக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பூங்குழலி படிப்பாள்.

அப்போதுதான் தூபா கட்டிய வீடுகளைப் பற்றி யாரோ சொன்னார்கள்.

தூபா மேல்விஷாரத்துப் பெண். அவள் அத்தா வக்கார் அகமது தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கணக்கும் சரக்கும் பார்த்து ஓய்வு பெற்றவர். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் அவருக்குக் கொஞ்சம் காலிமனை இருந்தது. சென்னையில் ஆர்க்கிடெக்சர் படிப்பு முடித்து வந்த மகள், அந்த மனையில் ஆராய்ச்சி மாணவர்கள் குடும்பத்தோடு இருக்கிற மாதிரி வீடு கட்டலாம் என்றாள். வாடகை கம்மியாக இருக்க வேண்டும், கரண்டு கம்மியாக ஆக வேண்டும், குழந்தை விளையாட இடம் இருக்க வேண்டும்.

"கம்மி கம்மின்றியே, கட்றதுக்கு ஜாஸ்தி ஆவுமேம்மா" என்றார் வக்கார்.

"ஆவாதுத்தா. பழைய செங்கல் வாங்கலாம். சூளையில புதுசா ஒரு கல்லு சுட வேணாம். மரத்த எரிக்க வேணாம். இடிச்ச கட்டடத்துக் கல்லு ஊரெல்லாம் கெடக்குது."

அத்தாவே அலைந்து பார்த்து வந்தார். பாலாற்றங்கரையில் பல வருஷமாக மூடிக்கிடந்த பழைய டேனரி ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். இடிக்கும் காண்டிராக்டர் முனிரத்தினம், வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். குவியல் குவியலாகக் கிடந்ததில் வக்கார் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து, வெண்கலம் மாதிரி கணீரென்று ஒலித்த குவியலைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்துக் கல், நன்றாக வெந்த கல். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்னக் கத்தியால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி அடுக்கினார்கள்.

ஆறு குடும்பங்களுக்கான வீடுகள் எழும்பின. சுவருக்கு நடுவே காற்று அடைபட்டு நிற்கிற மாதிரி இடைவெளி விட்டுக் கட்டியதால் வெயில் உள்ளே இறங்கவில்லை. சிமெண்டு மிச்சமாகட்டும் என்று பூச்சு கிடையாது, செங்கல் செங்கலாகவே இருந்தது. நடுவில் முற்றம், முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி, பொதுவாக ஒரு பெரிய சமையலறை. பார்க்க வந்தவர்கள் சுவரில் கன்னத்தை வைத்து, "ஜில்லுன்னு இருக்குது" என்றார்கள். ஒரு பத்திரிகையில் படம்கூட வந்தது.

பூங்குழலியிடம் தூபா ஊரும் கேட்கவில்லை, தெருவும் கேட்கவில்லை. "பாப்பா எங்க தூங்கும்? தொட்டில் கட்ட மேல கொக்கி வேணுமா?" என்றுதான் கேட்டாள். அன்றைக்குச் சாவியைக் கையில் வாங்கிய பூங்குழலி, தூபாவின் எதிரிலேயே அழுதுவிட்டாள்.

அந்தச் சமையலறையில் நல்ல காலம் நடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் தூபாவின் அம்மா நசீமுன்னிசா ஒரு தேக்சாப் பாத்திரம் நிறையக் குஷ்காவும் கத்திரிக்காய்ப் பச்சடியும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவருவாள். பூங்குழலி கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்தால், கடைசி வீட்டில் இருந்த செந்தில்குமாரும் அவன் மனைவியும் தட்டோடு வந்துவிடுவார்கள். செந்தில்குமார் வரலாற்றில் ஆராய்ச்சி செய்தான். ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் தாடி மழிக்கவும் நேரமில்லாமல் திரிந்தான். பாப்பா நடக்கக் கற்றது அந்த முற்றத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. புயல் சின்னம் என்று அடுத்தடுத்து சொன்னார்கள். பாலாற்றில் செம்மண் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. துணி காயாமல் வீடெல்லாம் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஈரத்தில்தான் பாப்பாவின் விரல்களில் புண் வந்தது.

முதலில் சேற்றுப்புண் என்று நினைத்தாள் பூங்குழலி. தேங்காய் எண்ணெய் தடவினாள். ஆறவில்லை. குண்டூசித் தலை அளவில் ஆரம்பித்து, நடுவில் குழி விழுந்து, விளிம்பு தடித்து நின்றது. பிறகு வாயோரத்திலும் வந்தது. இருமல் விடவில்லை. ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்காவது தோல் சம்பந்தமான வேலையா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஜெயசீலன் நொறுங்கிப் போனான். அன்றிலிருந்து வேலை விட்டு வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டான். குளிக்காமல் உள்ளே வரவில்லை. "அப்பா" என்று பாப்பா கையை நீட்டி ஓடிவந்தால், "கிட்ட வராதம்மா, கிட்ட வராத" என்று பின்வாங்கினான்.

"வேலைய வுட்டுடட்டுமா?" என்று பூங்குழலியிடம் கேட்டான்.

"நீ தைக்கிற தோலு எல்லாம் பதப்படுத்தி முடிச்சு வர்ற தோலு. அதுல இப்டி வராதுன்னு எனக்குத் தெரியுது. ஆனா வேற எதுலேர்ந்து வருதுன்னு தெரியலயே" என்றாள் அவள்.

மழை விட்டது. வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில் முற்றத்துச் சுவரைப் பார்த்துப் பூங்குழலி அப்படியே நின்றுவிட்டாள். செங்கல்லின் மேல் மெல்லிய பொடியாக ஏதோ பூத்திருந்தது. உப்புப் பூத்தால் வெள்ளையாக இருக்கும், எல்லாரும் பார்த்ததுதான். இது மஞ்சள். பூசணிப்பூ மாதிரி பளிச்சென்ற மஞ்சள். குழந்தையின் கை எட்டும் உயரத்தில் பொடி வழித்த தடங்கள் இருந்தன. சின்னச் சின்ன விரல் தடங்கள்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கையையும் வாயையும் கழுவினாள், திரும்பக் கழுவினாள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தப் பொடியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள்.

மத்தியானம் தூபாவுக்குப் போன் வந்தது. "தூபா, நீ கொஞ்சம் லேபுக்கு வர்றியா? போன்ல வேணாம்."

தூபா மேல்விஷாரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனாள். வாடகையைக் குறைக்கக் கேட்கப் போகிறாளோ, ஊருக்கே கிளம்புகிறாளோ என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். பூங்குழலி பொடியைக் கரைத்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் காட்டினாள். எலுமிச்சைச் சாறு மாதிரி இருந்தது. அதில் ஒரு மருந்தைச் சொட்டினாள்.

தண்ணீர் ஊதாவானது. நாவற்பழத்தைக் கசக்கியது மாதிரி அடர்த்தியான ஊதா.

"இன்னாக்கா இது?"

"குரோமியம். தோல் பதப்படுத்துறதுல சாதாரணமா இருக்குறது பச்சை, அது அவ்ளோ மோசம் இல்ல. இது அதோட வெஷ ரூபம். தண்ணியில கரையும். கைல பட்டா புண்ணாக்கும். மூச்சுல போனா…" அவள் நிறுத்தினாள். "வருஷக்கணக்கா மூச்சுல போனா கேன்சர் வரும் தூபா."

"எங்கேர்ந்து எடுத்த?"

"நம்ம முற்றத்துச் செவுத்துலேர்ந்து."

செங்கல் சுரண்டிய பெண்களின் கைகள்தான் தூபாவின் கண்ணுக்கு முன்னால் வந்தன. விரலெல்லாம் பொத்தல் பொத்தலாகப் புண்ணாகி, துணி சுற்றிக்கொண்டு வந்தார்கள். சுண்ணாம்பு அரித்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதைத்தான் நம்பினாள். களிம்பு வாங்கிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் படம் வரைய உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பா இருக்கலாம் இல்ல? இன்னொரு தடவ பண்ணிப் பாரேன்" என்றாள்.

"நாலு எடத்துலேர்ந்து எடுத்துப் பண்ணிட்டேன். எனக்கும் தப்பா இருக்கணும்னுதான் இருந்துச்சு. எனக்கு வேற ஊடு ஏது?"

சாயங்கால அசர் தொழுகை முடிந்து வந்த வக்காரிடம் இரண்டு பேரும் சொன்னார்கள். அவர் முதலில் சிரித்தார். "கல்லுல இன்னாம்மா வெஷம்? நான் தட்டிப் பாத்து வாங்குன கல்லு." பிறகு மகள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மூவரும் ஆட்டோவில் வீடுகளுக்குப் போனார்கள். கட்டி முடித்தபின் மிஞ்சிய கல் கொஞ்சம் கொல்லையில் அடுக்கியிருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து, சுத்தியால் ஓங்கி அடித்தார். கல் இரண்டாகப் பிளந்தது.

உள்ளே நடுவரைக்கும் மஞ்சளும் பச்சையுமாக ஊறியிருந்தது.

வக்கார் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பாகுக் கொட்டா" என்றார்.

"இன்னாத்தா?"

"நான் வேலைக்குப் போறப்ப குரோம் பவுடரு ரெடியா மூட்டையில வந்துடும். அதுக்கு முந்தி டேனரியிலயே காச்சுவாங்கன்னு எங்க அத்தா சொல்வாரு. மஞ்சளா, சிவப்பா ஒரு உப்பு வரும். அதுல ஆசிட்ட ஊத்தி, வெல்லப்பாகப் போட்டுக் காச்சுவாங்களாம். அதுக்குன்னு ஒரு கொட்டா இருக்கும். ஊரெல்லாம் பாகு வாசன வரும்பாங்க." அவர் மகளைப் பார்க்காமல் பேசினார். "அந்தக் கொட்டாவ இடிச்ச கல்லுதான் இது. நல்லா வெந்த கல்லுன்னு நெனச்சேனே. நான்தான பொறுக்குனேன்."

"நான்தான்த்தா பழைய கல்லு வேணும்னேன்."

"நீ கல்லு கேட்ட. வெஷத்தையா கேட்ட?"

உள்ளே பொதுச் சமையலறையில் யாரோ வெங்காயம் தாளிக்கும் வாசனை வந்தது. எதுவும் தெரியாமல் அங்கே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. எல்லாக் குடும்பங்களையும் முற்றத்துக்கு வெளியே, ரோட்டோர வேப்பமர நிழலுக்குத் தூபா அழைத்தாள். நசீமுன்னிசாவும் வந்திருந்தாள். தூபா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பூங்குழலி விளக்கினாள். ஒரு பெண் தன் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஜெயசீலன் மரத்தில் சாய்ந்து நின்றான். அவன் முகத்தில் ஒரு நொடி நிம்மதி வந்தது, நம்மால் இல்லை என்று. அடுத்த நொடியே தலையில் கைவைத்துக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

செந்தில்குமார்தான் முதலில் பேசினான்.

"பூச்சு பூசிட்டா போதாதா?"

"போதாது" என்றாள் பூங்குழலி. "ஈரம் இருக்கிற வரைக்கும் பூச்சையும் தாண்டிக்கினு வரும். தொட்டித் தண்ணியிலயும் கலந்திருக்குது. காலையில பாத்தேன்."

"நாம குடிக்கிற தண்ணியிலயா?"

"குடிக்கிறது கேன் தண்ணி. ஆனா குளிக்கிறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் அதுலதான்."

செந்தில்குமாரின் முகம் சிவந்தது. "இவ்ளோ கம்மி வாடகைக்கு யாருங்க குடுப்பாங்கன்னு நான் அப்பவே யோசிச்சிருக்கணும். பேப்பர்ல எல்லாம் படம் போட்டுக்கினீங்க. எங்கள வெச்சு டெஸ்ட்டு பண்ணீங்களா? என் பொண்டாட்டி முழுகாம இருக்கிறா, தெரியுமா உங்களுக்கு?"

அவன் மனைவி அதை இன்னும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எந்த வீட்டை மனதில் வைத்துத் தூபா கல்லூரி நாளெல்லாம் கோடு கோடாக வரைந்தாளோ, அந்த வீட்டின் முன்னால் குற்றவாளி மாதிரி நின்றாள். நசீமுன்னிசா எழுந்து மகளைத் தாண்டிப் போய் செந்தில்குமாரின் மனைவியின் தோளைப் பிடித்தாள்.

"எந்திரிம்மா. எல்லாரும் மூட்ட கட்டுங்க. எங்க ஊட்டு மாடி காலியா இருக்குது. எங்க பையன் ஹம்மாத் கல்யாணத்துக்குன்னு கட்டி வெச்சது. துபாயிலேர்ந்து அவன் எப்ப வர்றானோ வரட்டும். கீழயும் ரெண்டு ரூமு ஒழிச்சுத் தர்றேன். இன்னிக்குச் சாப்பாடு அங்கதான்."

"எங்க ஆளுங்க அங்க வந்து தங்கலாமாம்மா?" என்று மெல்லக் கேட்டாள் பூங்குழலி. கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்வி.

"இன்னா பேச்சு பேசுற நீ? வாம்மா."

வக்கார் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். போய்ச் செந்தில்குமாரின் புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார். செந்தில்குமார், "வுடுங்க பாய், நான் எடுத்துக்குறேன்" என்று பின்னாலேயே ஓடினான். கோபம் இன்னும் குரலில் இருந்தது. ஆனாலும் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

ஆறு வீடும் பூட்டப்பட்டன. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் தூபாவே போய் எழுதிக் கொடுத்தாள். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். இடித்தால் அந்தக் கல்லை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் அவளை வேறொன்றை நினைக்க வைத்தது. அதே குவியலில் நாம் எடுத்தது போக மிச்சம் இருந்ததே. அதை யாரும் வாங்காமல் தடுக்க வேண்டும். அத்தாவும் அவளும் பாலாற்றங்கரைக்கு ஓடினார்கள். டேனரி இருந்த இடம் சமமாக்கப்பட்டு, பிளாட் போட்டுக் கல் நட்டிருந்தது. முனிரத்தினம் ஒரு குடை நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மிச்சக் கல்லா? அது எப்பவோ போயிடுச்சும்மா. ஆற்காட்டாண்ட கொஞ்சம், கலவப் பக்கம் கொஞ்சம். நல்ல கல்லுன்னு பாயி எடுத்துக்கினு போனதப் பாத்துட்டுத்தான் அல்லாரும் அதையே கேட்டாங்க."

வக்கார் அகமது அங்கேயே மண்ணில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

விஷயத்தைக் கேட்டதும் முனிரத்தினத்தின் கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து வேட்டியில் கொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை. அவர் மகன் வீட்டுக்கும் அதே கல்தான் போயிருந்தது. யார் யாருக்குக் கொடுத்தோம் என்று அவருக்குச் சரியாக நினைவில்லை. லோடு அடித்த லாரி டிரைவர் சர்தார் பாஷாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவன் நினைவுக்கு வந்தவரை வழி சொன்னான். கலவை தாண்டி உள்ளே ஒரு கிராமம், ஏரிக்கரை ஓரம், புதிதாகக் கட்டிய வீடு.

"அது எங்க ஊருப் பக்கந்தான். நானும் வர்றேன்" என்றாள் பூங்குழலி. பாப்பாவை நசீமுன்னிசாவிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். ஆற்காட்டில் பஸ் மாறினார்கள். வழியெல்லாம் நாற்று நட்ட வயல்களில் தண்ணீர் பளபளத்தது. தூபா ஜன்னல் வழியாகப் புது வீடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். பூசாத செங்கல் சுவர் ஒவ்வொன்றும் அவளைத் திடுக்கிட வைத்தது.

ஏரிக்கரையில் அந்த வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் பந்தல் போட்டிருந்தது. வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. பெண்கள் குடம் குடமாகக் கூழ் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆடி மாசமும் இல்லை, திருவிழாவும் இல்லை.

"இன்னா விசேஷங்க?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டாள் பூங்குழலி.

"ஒனக்குத் தெரியாதா? அம்மா வந்துகிறா. வெறும் செவுத்துல தானா மஞ்சா பூக்குது. ஒரு வாரமா கீது. தொடச்சா திரும்ப வர்றா."

தூபாவின் கை பூங்குழலியின் கையை இறுக்கிப் பிடித்தது. கூட்டத்தோடு இருவரும் உள்ளே போனார்கள். கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு மஞ்சள் பூத்துக் கிடந்தது. அதில் குங்குமம் வைத்து, மாலை சாத்தி, முன்னால் விளக்கேற்றியிருந்தார்கள். வீட்டுக்காரி விஜயகுமாரி ஈரப்புடவையோடு நின்று, சுவரிலிருந்து பொடியைக் கிள்ளிக் கிள்ளி வந்தவர்கள் நெற்றியில் இட்டாள். ஒரு தாய் கைக்குழந்தையை நீட்டினாள். விஜயகுமாரி குழந்தையின் நாக்கில் ஒரு துளி வைக்கப் போனாள்.

"அக்கா, வேணாம்!" பூங்குழலி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

பிடித்த கையைப் பூங்குழலி பார்த்தாள். விரல் இடுக்கிலெல்லாம் குழிப்புண்.

"யாரும்மா நீ?"

"கலவதான்க்கா நானு. இதே மஞ்சா எங்க ஊட்லயும் வந்துச்சு."

விஜயகுமாரியின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளாலும் பூங்குழலியின் கன்னத்தைப் பிடித்தாள். "உங்க ஊட்லயும் அம்மா வந்தாளா?"

பூங்குழலி போனில் பாப்பாவின் கையைப் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினாள். விஜயகுமாரி அதைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

தூபா முன்னால் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தின் நடுவில், அதட்டலுக்குப் பயந்தவள் மாதிரி இல்லாமல் மெதுவாகப் பேசினாள்.

"உங்க சாமிய நான் ஒண்ணும் சொல்லலக்கா. இந்தக் கல்லப் பத்தி மட்டும் சொல்றேன். இதே கல்லுல நான் ஆறு ஊடு கட்டுனேன். நல்லதுன்னு நெனச்சுக் கட்டுனேன். கொழந்தைங்க இருந்த ஊடு. இந்த மஞ்சா கல்லுலேர்ந்து வர்ற வெஷம்னு தெரிஞ்சதும் எல்லாத்தையும் பூட்டிட்டு உங்ககிட்ட வந்துருக்கேன்."

பின்னால் ஒருவன், "யாரு இவ, சாமி வந்த எடத்துல வந்து?" என்று குரல் உயர்த்தினான். விஜயகுமாரி அவன் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி அவனை நிறுத்தினாள். புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் மகளைக் குனிந்து பார்த்தாள். ஆசையாக அந்தப் பெண்ணுக்குத்தான் நெற்றியிலும் கன்னத்திலும் அப்பியிருந்தாள். அவள் முந்தானையை எடுத்தாள். நெற்றியைத் துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். காது மடலைத் துடைத்தாள். பிறகு அந்த முந்தானையை எங்கே வைப்பது என்று தெரியாமல், உடம்பில் படாமல் தூரப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்தபடி நின்றாள்.